பதிவுக்கு முந்தைய ஆண்டு

அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்பவர், தன் இருபதுகளில் நான்கு முதல் ஆறு ஆண்டுகளை ஒரே நெறியாளரிடம், ஒரே ஆய்வகத்தில், ஏறக்குறைய ஒரே கேள்வியோடு கழிக்க ஒப்புக்கொள்கிறார். வேலை பிடிக்காவிட்டால் வேறு வேலைக்குப் போகலாம். எம்.எஸ்சி. பிடிக்காவிட்டாலும் இரண்டு ஆண்டில் முடிந்துவிடும். பி.எச்டி.யில் பாதி வழியில் கைடை மாற்றுவது எத்தனை பாடு என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். இவ்வளவு பெரிய முடிவுக்குத் தமிழ்நாட்டு மாணவர் செய்யும் தயாரிப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: நெட் தேர்வுக்குப் படிப்பது. அது தேவைதான். ஆனால் யாரிடம் சேர்வது, எதை ஆராய்வது, எந்தப் பணத்தில் பிழைப்பது என்ற மூன்றுக்கும் நெட் முழு விடை தராது. இவற்றுக்கு விடை தேட ஓராண்டாவது வேண்டும்.

தென்னேரி, வாலாஜாபாத், காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வரும் மாணவருக்கு இந்த ஓராண்டு இன்னும் முக்கியம். தறி வீட்டிலோ பயிர் வீட்டிலோ பிறந்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாகி, முதல் முதுகலையும் முடித்தவருக்கு ஆய்வுப் படிப்பைப் பற்றிச் சொல்ல வீட்டில் ஆளில்லை. கல்லூரியில் சொல்பவர்களும் தங்களுக்குத் தெரிந்த ஒரு பல்கலைக்கழகத்தை மட்டும் சொல்வார்கள். இத்தனைக்கும் பஸ்ஸிலும் ரயிலிலும் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் நாட்டின் முக்கியமான ஆய்வகங்கள் பல இருக்கின்றன. அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், கிண்டியில் 1959-இல் வந்த ஐ.ஐ.டி., தரமணியில் அல்லாடி ராமகிருஷ்ணன் 1962-இல் நிறுவிய கணித அறிவியல் நிறுவனம், கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம், பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். இவற்றுள் ஒன்றிலும் கால் வைக்காமலே எம்.எஸ்சி. முடிப்பவர்கள் ஏராளம்.

முதலில் தகுதி. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி முதுகலையில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. நான்கு ஆண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர் முதுகலை இல்லாமலே நேராகச் சேரலாம். எம்.ஃபில். நிறுத்தப்பட்டுவிட்டது. படிப்புக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேல் இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிப்பு கிடைக்கும்.

விதிகளைப் படிப்பதில் சலிப்பு கூடாது. ஒரே பல்கலைக்கழகம், ஏறக்குறைய ஒரே விதி, இரண்டு பேர் வாழ்க்கையில் செய்த வேலை இதற்குச் சாட்சி. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலை முடித்தவர்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. இளநிலைப் பட்டம்கூட இல்லாத, எஃப்.ஏ. தேர்விலேயே தோற்றிருந்த ராமானுஜனுக்காக அந்த விதியை ஒதுக்கிவைத்துவிட்டு மாதம் 75 ரூபாய் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. முப்பத்திரண்டு ஆண்டு கழித்து, 1945-இல், அதே பல்கலைக்கழகத்துக்கு அன்னா மணியின் ஆய்வேடு வந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளியியல் பண்புகளை ஆராய்ந்தவர் அவர். ஐந்து கட்டுரைகள் அச்சாகியிருந்தன. அக்காலத்தில் பெங்களூர்க் கழகம் தானே பட்டம் தரவில்லை; மாணவர்கள் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத்தான் அனுப்பினார்கள். எம்.எஸ்சி. இல்லை என்ற காரணத்தால் அன்னா மணிக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்துத் திரும்பி, இந்திய வானிலை ஆய்வுத் துறையில் பெரிய பெயர் எடுத்தார் என்பது வேறு கதை. பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை.

விதி யாருக்கு வளையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் இன்று பதிவு செய்பவர் கேட்டுத் தெளிய வேண்டிய ஒன்று, ஆய்வகம் எது, பட்டம் தருவது எது என்பது. இரண்டும் பல இடங்களில் வேறுவேறு. கணித அறிவியல் நிறுவனத்திலும் கல்பாக்கத்திலும் ஆய்வு செய்பவருக்குப் பட்டம் தருவது ஹோமி பாபா தேசிய நிறுவனம். சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் அறிவியல் மற்றும் புத்தாக்க ஆய்வுக் கழகத்தின் கீழும் பதிவு செய்யலாம்; பல்கலைக்கழகங்களின் கீழும் பதிவு செய்தவர்கள் உண்டு. இணைப்புக் கல்லூரியில் சேர்வதானால் அந்தத் துறைக்கு ஆய்வு மைய அனுமதி இருக்கிறதா, நெறியாளருக்குப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதைக் காகிதத்தில் பார்த்துவிட வேண்டும். வாய் வார்த்தை போதாது.

நுழைவுத் தேர்வுகளைப் பற்றி எழுதுவதற்குப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். வேதியியல், இயற்பியல், உயிரியல், கணிதம், புவி அறிவியல் ஆகிய ஐந்து பாடங்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட், ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு சுற்று. 2024 முதல் அதன் முடிவு மூன்று அடுக்காக வருகிறது: ஜே.ஆர்.எஃப். உதவித்தொகையோடு தேர்ச்சி, உதவிப் பேராசிரியர் பணிக்கும் பி.எச்டி.க்கும் தேர்ச்சி, பி.எச்டி. சேர்க்கைக்கு மட்டும் தேர்ச்சி. பின் இரண்டில் வருபவருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் கணக்கு. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். இயற்பியலுக்கு ஜெஸ்ட் என்ற பொதுத் தேர்வும், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தனித் தேர்வும் உண்டு. நம் மாணவர்களில் பலர் நெட் ஒன்றையே திரும்பத் திரும்ப எழுதி, மற்றவற்றுக்கு விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். ஒரே பாடத்தைத்தான் எல்லாத் தேர்வுக்கும் படிக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் மட்டுமே கூடுதல்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படத் தேவையில்லை. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய்; எஸ்.ஆர்.எஃப். ஆனபின் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் பிரதமர் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 70,000-இல் தொடங்கும். பல்கலைக்கழக முதலிடம் பெற்றவர்களுக்கு இன்ஸ்பயர் உதவித்தொகை உண்டு. பட்டியல் வகுப்பு, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய உதவித்தொகைகள் தனித்தனியாக இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் உதவித்தொகைத் திட்டங்களும் உண்டு. எதுவும் கிடைக்காதவர் நிலைதான் கடினம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாதவருக்கு மாதம் 8,000 ரூபாய் தருகிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்துக் கல்லூரியில் சேர்பவருக்கு அதுவும் உறுதியில்லை. தன் பணத்தைப் போட்டு முழுநேர அறிவியல் ஆய்வு செய்வது, வேதிப்பொருள் வாங்கவே கடன்படும் நிலைக்குக் கொண்டுபோய் விடும். அப்படிச் சேர்வதைவிட ஓராண்டு காத்திருந்து தேர்வெழுதுவது நல்லது. உதவித்தொகை கிடைத்தவரும் முதல் தவணை கைக்கு வரும்வரை சில மாதம் தாக்குப்பிடிக்கப் பணம் வைத்திருக்க வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு, சேர்ந்த நாள் சான்று, துறைத்தலைவர் கையெழுத்து என்று ஒவ்வொன்றிலும் ஒரு தாமதம் ஒளிந்திருக்கும்.

இனி கைடு. பி.எச்டி.யின் தலையெழுத்து பாதி இங்கேயே எழுதப்படுகிறது. ஆனாலும் பெரும்பாலானோர் நெறியாளரைத் தேர்ந்தெடுப்பதில்லை. காலியிடம் எவரிடம் இருக்கிறதோ அவரிடம் சேர்கிறார்கள். பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிய மாணவரைச் சேர்க்க முடியாது. அதனால் பெயர்பெற்ற மூத்தவரிடம் இடம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் நேரம் கிடைப்பது அதைவிட அரிது. அப்போதுதான் சொந்த ஆய்வகம் தொடங்கிய நாற்பது வயதுக்காரரிடம் கருவிகள் குறைவாக இருக்கும், ஆனால் அவரே உடன் நின்று வேலை செய்வார். எது நல்லது என்பது மாணவரின் குணத்தைப் பொறுத்தது. கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டியவர் பெரிய கூட்டத்தில் சேர்ந்தால் தொலைந்துபோவார்.

ஒரு நெறியாளரை அறிய நல்ல வழி, அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளைப் படிப்பது. அதற்கு எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இலவசமாகத் திறந்திருக்கிறது. நெறியாளர் பெயரைப் போட்டுத் தேடினால் கடந்த ஆண்டுகளின் ஏடுகள் வரிசையாக வரும். மூன்றை எடுத்து வைத்துப் பார்த்தாலே பல செய்திகள் தெரிந்துவிடும். மூன்றும் ஒரே சோதனையை வேறுவேறு இலைச் சாற்றில் செய்தவையா, ஒன்றிலிருந்து இன்னொன்று வளர்ந்திருக்கிறதா? பதிவு செய்த ஆண்டுக்கும் ஒப்படைத்த ஆண்டுக்கும் இடையே எத்தனை ஆண்டு? அதிலிருந்து வந்த கட்டுரைகள் எந்த இதழில் அச்சாயின, மாணவர் பெயர் முதலில் இருக்கிறதா? பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களிலேயே எல்லாக் கட்டுரையும் வந்திருந்தால், அந்த ஆய்வகம் எப்படிப்பட்டது என்று வேறு எவரும் சொல்லத் தேவையில்லை.

அடுத்து, அங்கே இப்போது இருக்கும் மாணவர்களிடம் பேச வேண்டும். நெறியாளர் இல்லாத நேரத்தில், டீக்கடையில். கருவி பழுதானால் எத்தனை நாளில் சரியாகிறது, திட்ட நிதி எப்போது முடிகிறது, பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், ஏன் போனார்கள், வீட்டு வேலை, வங்கி வேலை என்று மாணவரை அலைக்கழிக்கும் பழக்கம் உண்டா என்பதெல்லாம் இணையதளத்தில் இருக்காது. மாணவிகள் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: முன்பு அங்கே படித்த பெண்கள் முடித்தார்களா? இந்தக் கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில்.

நெறியாளருக்கு எழுதும் முதல் கடிதம் தனிக் கலை. ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி, தன் மதிப்பெண்களை அடுக்கி, ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் மின்னஞ்சலை ஒருவரும் படிப்பதில்லை. அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் புரியாத ஓரிடத்தைப் பற்றி நான்கு வரி எழுதினால் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

இதைச் சரியாகச் செய்த சென்னை மாணவர் ஒருவர் உண்டு. 1928-இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னை வந்தபோது, மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சுப்ரமணியன் சந்திரசேகர் அவரைத் தேடிப் போனார். அணு அமைப்பைப் பற்றிய சோமர்ஃபெல்டின் நூலை அவர் முழுக்கப் படித்திருந்தார். அந்நூலின் இயற்பியல் பழசாகிவிட்டது, புதிய குவாண்டம் இயங்கியல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்றார் நூலாசிரியர். அச்சாகாத தன் கட்டுரை ஒன்றின் படிவங்களையும் கொடுத்தார். சந்திரசேகர் உடைந்துபோகவில்லை. அந்தப் படிவங்களில் இருந்த புதிய புள்ளியியலைக் கற்று, அதை வேறொரு சிக்கலில் பொருத்திக் கட்டுரை எழுதினார். வெள்ளைக்குறு விண்மீன்களைப் பற்றி 1926-இல் அதே புள்ளியியலைப் பயன்படுத்தி எழுதியிருந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் ரால்ஃப் ஃபவுலருக்கு அதை அனுப்பினார். 1929-இல் அது ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. 1930-இல் அரசு உதவித்தொகையோடு கப்பலேறியபோது, சேரப்போகும் நெறியாளர் ஃபவுலர்தான். பத்தொன்பது வயதில் கப்பலில் வெள்ளைக்குறு விண்மீன்களின் நிறையைப் பற்றிப் போட்ட கணக்கு எல்லோருக்கும் தெரிந்த கதை. பி.எச்டி. மாணவருக்குப் பயன்படுவது அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக் கதை. 1933-இல் அவர் பட்டம் வாங்கிய ஆய்வு, சுழலும் வாயுக் கோளங்களைப் பற்றியது. 1983-இல் கிடைத்த நோபல் பரிசோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்தக் கப்பல் கணக்கு ஆய்வேட்டின் மையப் பொருளே அல்ல.

ஆய்வேட்டில் வாழ்நாள் கண்டுபிடிப்பு இருக்க வேண்டும் என்ற பயத்தோடு கேள்வி தேடுபவர்களுக்கு இது ஆறுதலான செய்தி. ஆய்வேட்டுக்கு வேண்டியது, கிடைக்கும் கருவியை வைத்து நான்கு ஆண்டில் விடை காணக்கூடிய கேள்வி. நம் மாணவர்கள் பெரும்பாலும் கேள்வி கொண்டுவருவதில்லை, தலைப்பு கொண்டுவருகிறார்கள். காஞ்சிபுரம் பட்டையே எடுத்துக்கொள்வோம். கச்சாப் பட்டு இழையின் மேல் செரிசின் என்ற பசைப் புரதம் இருக்கிறது; எடையில் ஏறக்குறைய கால் பங்கு. சாயம் ஏற்றுவதற்கு முன் சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அதை நீக்குகிறார்கள். அந்த நீரும், பிறகு சாயத் தொட்டி நீரும் எங்கோ போய்ச் சேர்கின்றன. ‘பட்டுச் சாயக் கழிவும் சுற்றுச்சூழலும்’ என்பது தலைப்பு. அதை வைத்துப் பத்து ஆண்டு சுற்றிக்கொண்டிருக்கலாம். ‘பசை நீக்கிய கழிவுநீரிலிருந்து செரிசினைச் சிறு பட்டறை அளவில், எந்தக் கார நிலையில், புரதம் சிதையாமல் பிரித்தெடுக்க முடியும்?’ என்பது கேள்வி. இதில் அளக்க வேண்டியது எது, ஒப்பிட வேண்டியது எது, எந்த விடை வந்தால் கருதுகோள் தவறு என்பதெல்லாம் தெளிவு. தென்னேரியின் பெரிய ஏரியும் அப்படித்தான். ‘ஏரி நீரின் தரம்’ என்று எழுதிக் கொடுத்தால் மாதம் ஒருமுறை நீர் எடுத்து அட்டவணை போடுவதோடு முடியும். மழைக்கு முன்னும் பின்னும் பாசி இனங்கள் எந்தச் சத்தின் ஏற்றத்தாழ்வால் மாறுகின்றன என்று கேட்டால் அட்டவணைக்கு ஒரு வேலை கிடைக்கும். சொந்த ஊரைப் பற்றிய கேள்விக்கு நடைமுறை நன்மை ஒன்றும் உண்டு: மாதிரி எடுக்கப் போகும்போது கரையில் இருப்பவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வேண்டிய செய்தியில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

கேள்வி தேடும் காலத்திலேயே கைத்திறன்களும் வந்துவிட வேண்டும். கோர்ஸ் ஒர்க்கில் 12 முதல் 16 கிரெடிட்டுக்கு ஆய்வு முறையியலும் ஆய்வு நெறிகளும் சொல்லித்தருவார்கள்; அங்கே போய்ப் புள்ளியியலை முதல்முறையாகப் பார்ப்பது தாமதம். உயிரியல் மாணவர்கள் குறிப்பாக எக்செல்லில் சராசரி போடுவதோடு நின்றுவிடுகிறார்கள். ஆர் அல்லது பைத்தான், இரண்டில் ஒன்று போதும், விடுமுறை ஒன்றில் கற்கக்கூடியது. மேற்கோள்களைச் சேர்த்துவைக்க ஜோட்டெரோ போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அன்றன்று செய்ததை அன்றன்றே தேதியிட்டு ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் எம்.எஸ்சி. புராஜெக்ட்டிலேயே வர வேண்டும். தோற்ற சோதனையையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அதையே மறுபடி செய்வோம்.

ஆங்கிலக் கட்டுரை வாசிப்பு, தமிழ்வழியில் படித்தவர்களை மிரட்டுகிறது. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே மூச்சில் படிக்க முயல்வதே இதற்குப் பாதிக் காரணம். படங்களையும் அட்டவணைகளையும் முதலில் பார்த்து, என்ன அளந்திருக்கிறார்கள் என்று தானாக ஊகித்துவிட்டு, பிறகு உரையைப் படித்தால் சுமை குறையும். படித்ததை வீட்டில் ஒருவருக்குத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். சொல்ல வராத இடம்தான் புரியாத இடம். எழுத்தில் மட்டும் கவனம் வேண்டும். அடுத்தவர் வாக்கியத்தை எடுத்துச் சொல் மாற்றிப் போடுவது நம் கல்லூரி அசைன்மென்ட்டுகளில் தவறாகவே கருதப்படுவதில்லை. ஆய்வேட்டில் அது திருட்டு. 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒப்புமை 10 சதவீதம்வரை தண்டனை இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகும்.

வீட்டுக்குச் சொல்வதும் தயாரிப்பில் சேரும். எத்தனை ஆண்டு, மாதம் எவ்வளவு, அதில் வீட்டுக்கு எவ்வளவு என்பதைச் சேர்வதற்கு முன்பே பேசிவிட வேண்டும். இல்லையென்றால் மூன்றாம் ஆண்டில், சோதனை ஓடாத மாதத்தில், ‘எப்போ முடியும்?’ என்ற உறவினர் கேள்வி வரும்போது பதில் இருக்காது. கல்யாணம் குறுக்கிடும் பெண்களுக்கு விதி ஓரளவு துணை நிற்கிறது: மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கு 240 நாள்வரை விடுப்பு உண்டு, வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தால் ஆய்வுத் தரவுகளோடு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறவும் வழி உண்டு. விதி இருப்பதைத் தெரிந்துவைத்திருப்பவர்தான் கேட்டு வாங்க முடியும்.

தேர்ந்த துறை தவறு என்று பின்னால் தெரிந்தால் உலகம் முடிந்துவிடுவதில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976-இல் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கினார். உடனே சான் டியேகோவில் உயிரியல் துறையில் மறுபடி மாணவராகச் சேர்ந்து இரண்டு ஆண்டு அடிப்படையிலிருந்து படித்தார். ரைபோசோமின் அமைப்புக்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசு வந்தது. ஆனால் இதை நம்பிப் பிடிக்காத இடத்தில் சேரலாம் என்று பொருளில்லை. அவர் பட்டத்தை முடித்துவிட்டுத்தான் மாறினார்.

பதிவான பின் ஆய்வு ஆலோசனைக் குழு அமையும். ஒவ்வொரு பருவத்திலும் அதன் முன் வேலையைச் சொல்ல வேண்டும். குழுவில் நெறியாளரின் நண்பர்கள் மட்டும் இல்லாமல் துறைத் தேர்ச்சி உள்ள ஒருவராவது இருக்கும்படி கேட்டுக்கொள்வது மாணவருக்கு நல்லது. கடைசியில் ஆய்வேட்டை வெளியிலிருந்து இரு தேர்வாளர்களாவது படிப்பார்கள்; பிறகு பொது வாய்மொழித் தேர்வு. அந்தத் தேர்வு மூடிய அறையில் நடப்பதில்லை. துறையின் ஆசிரியர்களும், மற்ற ஆய்வு மாணவர்களும், ஆர்வமுள்ள பிறரும் உட்கார்ந்து கேட்கலாம். தேதியும் இடமும் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், விண்ணப்பம் வாங்குவதற்கு முன் தங்கள் பாடத்தில் நடக்கும் இரண்டு வைவாக்களுக்காவது போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள்.